தேன்கூட்டுக்குள் அரைப்படி எண்ணெய்

கண்ணுங்களா, வெயிலில் நிற்காதீர்கள், கிட்ட வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், இங்கே யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இன்றைக்கு ஒரு சிவப்புக் காரின் கதையும், அதற்குள் போன அரைப்படி எண்ணெயின் கதையும் சொல்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முடிகிற வரைக்கும் சம்பங்கியைத் திட்டாதீர்கள். முடிந்த பிறகும் திட்டத் தோன்றினால் திட்டுங்கள், நான் தடுக்கவில்லை.

மெட்ராஸிலிருந்து பெங்களூர் போகிற ரோட்டில், கிருஷ்ணகிரியைத் தாண்டினால் மேலுமலை ஏற்றம் வரும். ஏறி முடித்துச் சூளகிரிக்குள் நுழையும் முன்னால் ரோட்டோரம் திம்மராயனின் ஒர்க்‌ஷாப். பேர்தான் பெரிது. நாலு கல்தூண், மேலே தகரம், லாரிக்கு அடியில் இறங்கி வேலை செய்ய நடுவில் ஒரு குழி. ஒட்டினாற்போல் வீடு. மேலுமலை ஏறி வருகிற லாரிகள் அடுப்பிலிருந்து இறக்கின உலைப்பானை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு அங்கே வந்து நிற்கும். திம்மராயன் சண்டைக்காலத்தில் பெங்களூர் மிலிட்டரி லாரி டிப்போவில் வேலை கற்றவன். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போய் ஏழெட்டு வருஷம் ஆகியும், ஸ்பேனரைக் கேட்டால் மிலிட்டரிக்காரன் மாதிரிதான் விரலை நீட்டிக் கேட்பான்.

அவன் பெண்சாதி சம்பங்கி போச்சம்பள்ளிப் பக்கத்துப் பெண். அவள் அப்பன் மேட்டுக்காட்டில் கொட்டமுத்து போட்டவன். அந்தக் கொட்டையைச் சிலர் ஆமணக்கு என்பார்கள். வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் வழித்து, மறுபடியும் சடசடப்பு அடங்குகிற வரைக்கும் காய்ச்சினால் அதுதான் விளக்கெண்ணெய். சம்பங்கி காய்ச்சினால் அடுத்த தெருவில் வாசனை தெரியும்.

திம்மராயன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவன் அப்பனும் பாட்டனும் மாட்டுவண்டியில் பாரம் இழுத்தவர்கள். புதிதாக எது சுழன்றாலும், வண்டி அச்சோ கிணற்று உருளையோ மாவு அரைக்கிற கல்லோ, முதல் எண்ணெய் வீட்டுப் பெண் கையால் விழவேண்டும். கடையில் வாங்கினது ஆகாது, வீட்டில் காய்ச்சினதாக இருக்கவேண்டும். எண்ணெய் காட்டாத சக்கரத்தில் அந்த வீட்டு ஆள் ஏறமாட்டான். லாரி ரிப்பேர் முடிந்தாலும் சம்பங்கி ஒரு கிண்ணியோடு வந்து சக்கரக் குடத்தில் ஒரு சொட்டு தொட்டு வைப்பாள். டிரைவர்கள் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள், தொடாமல் எடுக்கமாட்டார்கள்.

இப்படியிருக்கிற வீட்டுக்குத்தான் அந்த மாசி மாதத்தில் சிவப்புக் கார் வந்தது.

காருக்குச் சொந்தக்காரர் தேவய்யா. குடகில் காப்பித் தோட்டம், பெங்களூரில் வீடு. நல்ல உயரம், பேசும்போது கன்னடமும் தமிழும் கைகோத்துக்கொண்டு வரும். கார்ப் பந்தயம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். மெட்ராஸ் பக்கத்தில் சண்டைக்காலத்து ஏரோப்ளேன் திடலில் ரேஸ் வைப்பார்கள். போன வருஷம் அதில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், பாதியிலேயே ஓரங்கட்டி நிற்க, மற்றவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள். எஞ்சின் எண்ணெய் காய்ந்து காய்ந்து தண்ணீராய் இளகி, அழுத்தம் காட்டுகிற முள் கீழே படுத்துவிட்டது. திரும்பி ஊருக்குப் போகிற வழியில் கார் மேலுமலையில் மறுபடி முரண்டு பிடித்தது. அன்றைக்குத் திம்மராயன் எதையும் கழற்றவில்லை. கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எஞ்சினுக்குக் காய்ச்சல் இல்ல சார். தண்ணி ஆறுது, எண்ணெதான் ஆறமாட்டேங்குது," என்றான். பெங்களூரில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதை இவன் ஒரே பேச்சில் சொல்லிவிட்டான் என்று தேவய்யாவுக்கு மனசில் பதிந்துபோயிற்று.

அதனால்தான் காரை அவனிடம் கொண்டுவந்தார். எண்ணெயை ஆற்றுவதற்கு அதில் ஏற்கெனவே ஒரு கூலர் இருந்தது, உள்ளங்கை அகலம். அதை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று போடவேண்டும். பேச்சை அவர் வெளிப்படையாகவே பேசினார். கிருஷ்ணகிரி வரைக்கும் போய், மேலுமலையை மூச்சுவிடாமல் ஏறி வரவேண்டும். வந்த பிறகும் முள் நிமிர்ந்து நின்றால், ரேஸுக்குக் காரோடு திம்மராயனும் மெட்ராஸ் வரவேண்டியது. அதற்கப்புறம் பெங்களூரில் தான் வைக்கப்போகிற ஒர்க்‌ஷாப்புக்கு அவனே பெரிய மேஸ்திரி.

சம்பங்கி அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் களி கிண்டும்போது துடுப்பு ஒரு நிமிஷம் நின்றுபோனது, அவ்வளவுதான்.

பெரிய கூலருக்கு எங்கே போவது? ஷேக் தாவூத்தைக் கேட்டார்கள். சூளகிரிச் சந்தைக்குப் பக்கத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர். பெங்களூரில் மிலிட்டரி கழித்துப் போட்டதையெல்லாம் ஏலத்தில் எடுத்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். முந்தி அவருக்கு எண்ணெய் வித்து வியாபாரம். போச்சம்பள்ளிச் சந்தையில் சம்பங்கியின் அப்பனிடம் கொட்டமுத்து வாங்கினவர். பாவாடை கட்டின நாளிலிருந்து அவளைத் தெரியும். அவளுக்கு அவர் அண்ணன், அவருக்கு அவள் தங்கச்சி. அவர் வீட்டுக்காரி காத்தூனுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். பண்டிகைக்கு அவள் அனுப்புகிற பாத்திரம் ஒருநாளும் தலைதட்டி வந்ததில்லை.

தாவூத் கொண்டுவந்தது ஏரோப்ளேனில் இருந்த கூலர். வட்டமாக, தாம்பாளம் அகலத்துக்கு, முகம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்களோடு இருந்தது. சம்பங்கி பார்த்ததும் தேன்கூடு என்றாள். அதற்கப்புறம் எல்லாருக்கும் அது தேன்கூடுதான்.

திம்மராயன் அதைப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தான். முதல் தடவை மை மாதிரி வந்தது, உள்ளே மினுக்மினுக்கென்று உலோகப் பொடி. ஒன்பது தடவை கழுவினான். ஒன்பதாவது தடவை வந்த பெட்ரோலை வெள்ளைத்துணியில் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், கறையில்லை. பிறகு ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்து, மாடு தண்ணி குடிக்கிற தொட்டிக்குள் முக்கினான். ஓர் ஓரத்தில் முத்து முத்தாய்க் குமிழி வந்தது. அங்கே ஈயம் வைத்துப் பற்றவைத்தான். மறுபடி முக்கினான். குமிழி இல்லை. வெயிலில் காயவைத்து, இரண்டு வாயிலும் துணியைச் சுருட்டிச் செருகி, பலகைமேல் வைத்தான். முன்பக்கம் காற்று நேராக அதன்மேல் அடிக்கிற மாதிரி தகரத்தில் ஒரு கூடு அடித்தான். நான்கு நாள் அவன் சாப்பிட உட்கார்ந்தது பாதி, நின்றுகொண்டே விழுங்கினது பாதி.

அந்த நான்கு நாளில் ஒருநாள் தாவூத் டீ குடித்துக்கொண்டே ஒரு பேச்சுச் சொன்னார். பெங்களூரில் ரேஸ்காரர்களில் சிலபேர் விளக்கெண்ணெயிலிருந்து செய்த எண்ணெயைத்தான் எஞ்சினுக்கு ஊற்றுகிறார்களாம். நம்ம சம்பங்கி தொழில் தெரியாமல் சூளகிரியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேலி செய்தார். அவளும் சிரித்தாள். ஆனால் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நான்காம் நாள் வழக்கப்படி அவள் எண்ணெய்க் கிண்ணியைக் கழுவி வைத்தாள். திம்மராயன் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஏம்மே, நாளைக்கி அந்தக் கிண்ணியத் தூக்கிக்கினு காருகிட்ட வந்துடாத. அவுரு படிச்சவரு. இது எண்ண காட்ற வண்டி இல்ல."

"ஒரு சொட்டுதான மாமா."

"அரைச் சொட்டும் வேணாம். மானத்த வாங்காத."

பிறகு அவன் ரப்பர் குழாய்க்கு வளையம் வாங்க கிருஷ்ணகிரி பஸ் ஏறிப் போய்விட்டான்.

சம்பங்கி புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓட்டை உடைப்பாள், நாரை உரிப்பாள், கொட்டையைத் தட்டுவாள், கண் மட்டும் பலகைமேல் இருந்த தேன்கூட்டிலேயே இருந்தது. நாளைக்கு அந்தக் காரில் இவனும் ஏறுகிறான். தேவய்யா ஓட்டுவார், இவன் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்கவேண்டும். மணிக்கு எழுபது எண்பது மைல் போகுமாம். இத்தனை வருஷத்தில் எண்ணெய் காட்டாத எதிலும் அவன் ஏறினதில்லை. இப்போது வேண்டாம் என்கிறான், யாரோ சிரிப்பார்கள் என்று. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், உசிர் யாருடையது?

எழுந்தாள். உள்ளே போய் எண்ணெய்ப் பானையைத் திறந்தாள். ஒரு சொட்டு என்றுதான் போனாள் பாவம். ஆனால் சொட்டு விடுவது வெளிச்சக்கரத்துக்கு. இது உள்ளே ஓடுகிற எண்ணெய்க்கு வீடாயிற்றே, வெறும் வீட்டில் குடியேற்றலாமா என்று தோன்றியது. அதோடு ரேஸ்காரர்களே ஊற்றுகிறார்கள் என்று தாவூத் அண்ணனும் சொல்லிவிட்டார். அரைப்படி அளந்தாள். துணியை உருவி, தேன்கூட்டின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். எண்ணெய் தேன் மாதிரியே இறங்கிற்று. சாமியைக் கும்பிட்டு, துணியைப் பழையபடி செருகிவிட்டு, வந்து புளி ஆய்ந்தாள். மனசு லேசாகிவிட்டது.

திம்மராயன் திரும்பி வருவதற்குள் தேவய்யாவின் ஆள் வந்து, காலையில் துரை சீக்கிரம் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். திம்மராயனுக்குக் கை பறந்தது. தேன்கூட்டைத் தூக்கினபோது கனமாகத்தான் இருந்தது. அதைக் கவிழ்த்துப் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றி நிரப்பினபோது, நினைத்ததைவிடக் குறைவாகத்தான் பிடித்தது. அதையும் யோசிக்கவில்லை. பொருத்தி, முடுக்கி, இருட்டுவதற்குள் முடித்துவிட்டான்.

மறுநாள் காலையில் பனி இன்னும் விலகாத நேரத்தில் கார் புறப்பட்டது. ஆடுகள் நாலாபக்கமும் ஓடின. திம்மராயன் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தான். தாவூத்தும் பார்க்க வந்திருந்தார். சத்தம் மலைக்கு அந்தப்பக்கம் அடங்குகிற வரைக்கும் நின்று கேட்டார்கள். சம்பங்கி உள்ளே போய் அவரைக்கொட்டைச் சாறு கூட்டினாள். இன்றைக்கு நாலு பேருக்கு ஆகிறமாதிரி வைக்கலாம் என்று கொட்டையைக் கூடவே போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பவேண்டியவர்கள். இரண்டு மணி ஆயிற்று. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, சிவப்புக் கார் மேலுமலை ரெண்டாவது வளைவில் செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது, ஆட்கள் இரண்டு பேரும் நடமாடுகிறார்கள், பயப்படாதீர்கள் என்று சொன்னான். பயப்படாதீர்கள் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் சம்பங்கிக்குப் பயம் பிடித்தது.

உச்சி வெயிலில் கார் வந்து சேர்ந்தது. மேலுமலைப் பக்கத்துக் குடியானவன் எல்லப்பனின் உழவுமாடுகள் இரண்டும் முன்னால், தாம்புக்கயிற்றில் கட்டின கார் பின்னால். எண்பது மைல் போகிற வண்டியைக் காளைமாடு இழுத்து வருகிறதைப் பார்க்க ரோட்டில் ஜனம் கூடிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. தேவய்யாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். போகும்போது நல்லாத்தான் போயிற்று. ஏற்றத்தில் பாதி வந்ததும் அழுத்த முள் ஒரு நடுக்கம் நடுங்கி, சரசரவென்று கீழே இறங்கியது. திம்மராயன் கத்தினான். தேவய்யா அந்த நொடியே எஞ்சினை அணைத்தார். இன்னும் ஒரு பர்லாங்கு போயிருந்தால் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் நின்று, வளைவில் கார் என்ன ஆகியிருக்குமோ. அதை அவர் சொன்னபோது சம்பங்கி கல்தூணைப் பிடித்துக்கொண்டாள்.

திம்மராயன் குழியில் இறங்கித் தேன்கூட்டின் குழாயைக் கழற்றினான். சொட்டுச் சொட்டாய் வரவேண்டிய எண்ணெய் வரவில்லை. விரலை விட்டு இழுத்தான். பழுப்பும் பச்சையுமாய், ஆறிப்போன கூழ் மாதிரி ஒன்று நூலாய் இழுத்துக்கொண்டு வந்தது. விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

சம்பங்கி அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த எண்ணெயைத் தலையில் வைத்து, வயிற்றுக்குக் குடித்து, அச்சில் போட்டு வளர்ந்தவன். நூறு வாசனைக்கு நடுவிலும் அவன் மூக்கு அதைப் பிரித்துவிடும்.   ரேஸ்காரர்கள் ஊற்றுகிறார்களே, ஊற்றுகிறார்களே என்று அதே பேச்சு அவள் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

தேவய்யாவும் குனிந்து மோந்து பார்த்தார். அவருக்குக் கருகின வாசனைதான் தெரிந்தது.

"ஏனப்பா இது? நீ கழுவினேதானே?"

"ஒம்போது தடவ கழுவனேன் சார்."

"அப்ப இது எங்கிருந்து வந்தது?"

 திம்மராயன் துணியால் விரலைத் துடைத்தான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

தேவய்யா யோசித்தார். மிலிட்டரிக் குடோனில் சாமான்கள் துரு ஏறாமல் இருக்க உள்ளே ஏதோ கிரீஸ் அடைத்து வைப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். பெட்ரோலுக்கு அது கரையாமல் கண்களுக்குள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும், சூடு பட்டதும் இளகி வந்திருக்கும். மெதுவாகத் தாவூத் பக்கம் திரும்பினார். இந்த வியாபாரத்தில் இத்தனை வருஷம் இருக்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. இரண்டு உசிர் வளைவில் போயிருக்கும் என்றார். பெங்களூரில் ஏலம் விடுகிறவர்கள் எல்லாரும் தனக்குத் தெரிந்தவர்கள், இனி ஒருத்தனும் உன்னைக் கேட்டுக்குள் விடமாட்டான் என்றார்.

தாவூத் திம்மராயனைப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்து நின்ற சம்பங்கியைப் பார்த்தார். கார்க்குழியில் கிடந்த அந்தக் கூழைப் பார்த்தார். எண்ணெய் வித்தில் பாதி வயசைக் கழித்த மனுஷன், அவருக்கு மூக்கு இல்லையா? டீ குடிக்கும்போது தான் சொன்ன கேலிப்பேச்சும் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

"ஆமாங்க தொர. உள்ளாற கிரீசு இருந்திருக்கும். நான் சொல்லாம வுட்டுட்டேன். என் தப்புதான்."

சம்பங்கிக்கு உலகம் நின்றுபோயிற்று. கார் நின்றதைவிட, கூழ் வந்ததைவிட, இதுதான் அவளை அடித்தது. ஒரு மனுஷன் தன் பிழைப்பை எடுத்து, களத்தில் தானியம் கொட்டுகிற மாதிரி, அவள் காலடியில் கொட்டுகிறான். கட்டினவன் குழிக்குள் நின்று துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்போது சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று காத்தாள். அவன் நிமிரவே இல்லை. பதினோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்க்கிற மாதிரி இருந்தது.

தேவய்யா நோட்டை எடுத்து எதையோ எழுதப் போனார். அப்போதுதான் அவள் தூணை விட்டாள்.

"தொர, அது பாயி குடுத்த அழுக்கு இல்லீங்க."

எல்லாரும் திரும்பினார்கள். தாவூத் கையை ஆட்டினார், போ போ என்று.

"நீ உள்ள போ தங்கச்சி. ஆம்பளைங்க பேசிக்கினு இருக்கறோம்."

"நான் போவல ண்ணா. தொர, நான் ஊத்தன எண்ண அது. வூட்ல காச்சின வெளக்கெண்ண. அரைப்படி. இவுரு கிருஷ்ணகிரி போயிருந்தாரு, இவுருக்குத் தெரியாது. துணிய எடுத்துட்டு என் கையால ஊத்தனேன்."

தேவய்யாவுக்கு முதலில் புரியவில்லை. விளக்கெண்ணெய் என்று அவள் சொன்னதைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். காருக்குள்ளேயா என்றார். ஆமாம் என்றாள். எஞ்சின் எண்ணெயும் அதுவும் ஜென்மத்துக்கும் சேராது, சேர்த்தால் சூட்டில் பிசினாகிவிடும், தெரியாதா என்றார். தெரியாது என்றாள்.

"எதுக்கம்மா ஊத்தினே? யாராவது சொன்னாங்களா?"

தாவூத் வாயைத் திறந்தார். சம்பங்கி அவரை விடவில்லை.

"யாரும் சொல்லலீங்க. அதுல எம் புருசன் ஏறிப் போறாரு. எண்ண காட்டாத சக்கரத்துல எங்க வூட்டு ஆளு இதுவரைக்கும் ஏறனதில்ல. அவுரு நல்லபடியா திரும்பி வரணும்னுதான் ஊத்தனேன். அதே எண்ணையே அவுர கொல்லப் பாத்துடுச்சி."

சொல்லிவிட்டாள்.   எல்லப்பனின் மாடு ஒன்று கழுத்தை ஆட்டிற்று, சலங்கைச் சத்தம் கேட்டது.

தேவய்யா காரின் மூக்கில் போய் உட்கார்ந்தார்.  திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவளைத் திட்டவில்லை, குழிக்குள் பார்த்தார்.

"திம்மராயா. உனக்கு வாசனை தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல அப்போதும் ஒரு வழி இருந்தது. திம்மராயன் நிமிர்ந்தான்.

"தெரிஞ்சுது சார்."

"எப்ப?"

"பைப்பக் கழட்டனப்பவே."

"நான் இந்தப் பாயைப் பேசினப்ப, நீ நின்னு கேட்டுட்டு இருந்தே."

"ஆமா சார்."

தேவய்யா தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து தாவூத்திடம் போய், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார். தாவூத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தேவய்யா குழிக்கு மேலே வந்து நின்று தீர்ப்பு மாதிரி பேசினார். எஞ்சினை இங்கேயேதான் பிரிக்கவேண்டும், ஏனென்றால் அந்த வேலை திம்மராயனைத் தவிர வேறு யாராலும் ஆகாது. பந்தயத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பெங்களூர் வீட்டில் ரேஸுக்கு ஊற்ற வைத்திருக்கிற ஸ்பிரிட் ஒரு டின் இருக்கிறது. பெட்ரோலுக்கு மசியாத விளக்கெண்ணெய்ப் பிசின் அதற்கு மசியும், ஆள் அனுப்பிக் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். கடைசியில் சொன்னார்.

"ஆனா மெட்ராஸுக்கு நீ வேண்டாம். பெங்களூருக்கும் வேண்டாம். உன் கை நல்ல கைதான், அதுல குறை இல்ல. ஓடுற காருல என் பக்கத்துல இருக்கிறவன் தப்பு பண்ணலாம். தப்பு தெரிஞ்சா கத்தணும். மலையிலே கத்தினே, நான் பொழைச்சேன். இங்கே கத்தலே."

அவ்வளவுதான். அன்றைக்கு வைத்த அவரைக்கொட்டைச் சாறு நாலு பேருக்கு ஆகிற சாறு. யாரும் தொடவில்லை.

ஏழு நாள் திம்மராயன் எஞ்சினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடிச்சட்டியைக் கழற்றினான். பேரிங் எல்லாம் தப்பித்திருந்தது, ஒன்றில் மட்டும் நீலம் பாரித்திருந்தது, அதை மாற்றினான். தேன்கூட்டின் ஒவ்வொரு கண்ணிலும் ஸ்பிரிட் விட்டுக் கழுவினான். குழாய்களைக் கழுவினான். சம்பங்கி பக்கத்தில் உட்கார்ந்து துணி பிழிந்து கொடுத்தாள். அவன் அவளைத் திட்டவில்லை, அவள் அவனைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவனுக்குப் பெரிய அடியாக இருந்தது. எட்டாம் நாள் தேவய்யா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி போய், மேலுமலையை ஒரே மூச்சில் ஏறி வந்தார். முள் நிமிர்ந்து நின்றது, எண்ணெயின் சூடு போன வருஷத்தில் பாதிகூட இல்லை. திம்மராயனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். அழைக்கவில்லை.

சத்தம் அடங்கின பிறகு திம்மராயன் கையைக் கழுவினான். சம்பங்கி களியை உருட்டித் தட்டில் வைத்தாள். அவன் உட்காரவில்லை.

"பாயி இந்தப் பக்கமே வரல இல்ல, எட்டு நாளா?"

"வரல."

"போய்ட்டு வரேன்."

"நானும் வரேன்," என்று அவள் தட்டை மூடினாள்.

தாவூத் வீட்டு வாசலில் அவர் செருப்பு இருந்தது. காத்தூன் நிலையில் வந்து நின்றாள். திம்மராயன் முகத்தைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, அவர் வீட்டில் இல்லை என்றாள். திம்மராயன் செருப்பைப் பார்த்தான். காத்தூனும் பார்த்தாள். பார்த்துவிட்டு, இல்லை என்று மறுபடி சொன்னாள், இன்னும் கொஞ்சம் அழுத்தி.

அவன் தெருவிலேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டான். சந்தைநாள், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். என்ன மேஸ்திரி, யார் வண்டி நின்றுவிட்டது என்று ஒருத்தன் கேட்டான், என்னுடையதுதான் என்றான். சம்பங்கி சுவரோரம் நின்றாள். மசூதியில் பாங்கு சொன்னார்கள். தொழுகைக்குப் புறப்பட்டுத் தாவூத் வெளியே வந்தார், இவனைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னா திம்மா, இங்க உக்காந்துக்கினு இருக்க?"

திம்மராயன் எழுந்தான். அன்றைக்கு வராத சொல்லைத் தேடித் துண்டைக் கையில் சுருட்டினான். சம்பங்கிக்கு அவனுக்காக ஒருதரம் வாய் துடித்தது. அவள் அடக்கிக்கொண்டாள். இது அவள் சொல்லவேண்டியதில்லை.

"பாயி. அன்னிக்கி மோந்து பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சி. உங்களப் பேசறப்ப எல்லாம் தெரிஞ்சிதான் நின்னுக்கினு இருந்தேன். பெங்களூரு போயிடுமேன்னு வாய மூடிக்கினேன்."

சந்தைத் தெருவில் பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரித்தான் சொன்னான்.  தாவூத் அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பிசினை விரலால் சுரண்டிப் பார்த்தார், அது வரவில்லை.

"தொழுதுட்டு வந்துடறேன். உள்ள போயி உக்காரு. காத்தூன், இவங்களுக்குச் சோறு போடு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காத்தூன் நிலையை விட்டு நகரவில்லை. திம்மராயனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சம்பங்கியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ வா உள்ள. எலும்புக் கொழம்பு வச்சிக்கிறேன். இவுரு இன்னும் செத்த நேரம் வெயில்ல இருக்கட்டும். எட்டு நாளு எம் புருசன் சோறு திங்கல, ஒரு மணி நேரம் இவுரு காஞ்சா ஒண்ணும் கொறஞ்சிடமாட்டாரு."

சம்பங்கி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்துகொண்டான், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. எட்டு நாளைக்கப்புறம் அவன் முகம் அவளுக்குத் தெரிந்த முகமாய் இருந்தது. அவள் உள்ளே போனாள்.

இவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வீட்டு அடுப்பு நாலு பேருக்குக் கூடவே எரியட்டும். உங்கள் வீட்டு ஆட்கள் ஏறுகிற வண்டியெல்லாம் போன வழியே பத்திரமாய்த் திரும்பட்டும். ஒருத்தர் பழியை இன்னொருத்தர் தலையில் ஏற்றுகிற நாள் உங்கள் வாசலுக்கு வராமல் இருக்கட்டும். வந்துவிட்டால், சொல்லவேண்டியவருக்கு அன்றைக்கே நாக்கு எழட்டும். போய்ச் சாப்பிடுங்கள், பார்த்து ரோட்டைத் தாண்டுங்கள்.